ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் கற்ற கதை

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஏடும் எழுத்தாணியும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. எழுத்தைப் பிழையற எழுதுவோனைக் கற்றவன் என்றும், பிழைபட எழுதுவோனைக் கல்லாதவன் என்றும் கொள்ளும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு. இவ்வழக்கம் முற்றும் தவறென்று சொல்லுதற்கில்லை. எழுத்திலக்கணத்தையே முதலில் வைத்து நூல் செய்த தொல்லாசிரியர் வழிவந்த நாம் அங்ஙனம் சொல்லத் துணியவும் மாட்டோம். ஆயினும், ஒருவனுடைய எழுத்துப் பிழையைக் கண்ட அளவிலேயே அவனுடைய அறிவையும் முயற்சியையும் அளந்துவிட்டோம் என்று நினைப்பது பெருந்தவறாம். அத்தவறு எத்துணைப் பெரிது என்பதை ஒரு பெரியாருடைய வாழ்க்கையைக் கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பெரியார் டென்மார்க் நாட்டினராகிய ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் ஆவர். அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையையும், ஆடையின்றி ஊர்வலம் சென்ற அரசன் கதையையும், சிறிய கடற்கன்னியின் கதையையும் கேளாத மாணவர் நம்முள் அரியர். எழுதியவர் பெயரை அறியுமுன்னரே அக்கதைகளை நாம் அறிந்திருக்கிறோம். அவை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளன. இத்துணைப் புகழ் படைத்த அவர், தம் தாய்மொழியை வாழ்நாளின் இறுதிவரையிலும் எழுத்துப் பிழையின்றி எழுத வல்லராயிருந்திலர் என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவருடைய புகழை விரித்துரைப்பதினும் அவர் கல்வி கற்ற வரலாற்றையே நாம் ஈண்டுச் சிறப்பாக எடுத்துக்கொண்டோம்.

பிறப்பும் இளமையும்

ஆண்டர்சன் 1805ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2ஆம் நாள், டென்மார்க்கைச் சேர்ந்த பியூன் தீவிலுள்ள ஓடென்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளி. தாயார் பிறர் ஆடைகளை ஆற்றில் வெளுத்துக் கொடுத்துக் கூலி பெற்றவர், எழுத்தறிவு இல்லாதவர். குடும்பம் முழுவதும் ஒரே சிற்றறையில் வாழ்ந்தது. தந்தையார் செருப்புத் தைத்துப் பிழைத்தாராயினும் உள்ளம் நூல்களிலேயே வைத்திருந்தார். இரவில் விளக்கொளியில் அரபுக் கதைகளையும், ஹோல்பெர்க் என்னும் டேனியப் புலவரின் நாடகங்களையும், விவிலியத்தையும் மகனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். பொம்மலாட்டத்திற்கு ஏற்ற ஒரு சிறு அரங்கத்தையும் தம் கையாற் செய்து கொடுத்தார். பாட்டியார் ஓர் அறச்சாலையின் தோட்டத்தைப் பேணிவந்தார். அவரோடு சென்ற சிறுவர், அங்கே நூல் நூற்றுக்கொண்டிருந்த முதிய பெண்டிர் கூறிய பழங்கதைகளைக் கேட்டுக் களிப்பார். எனவே, கண்ணாற் கற்பதற்கு முன்னரே செவியாற் கற்கும் பேறு அவருக்கு நிரம்ப வாய்த்தது.

பள்ளிக் கல்வியோ அவ்வாறு வாய்க்கவில்லை. முதலிற் சென்ற சிறு பள்ளியில் ஆசிரியை பிரம்பால் ஒருமுறை அடித்தாராக, சிறுவர் தம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். பின்னர் யூதச் சிறுவர் பயிலும் ஒரு பள்ளியிற் சேர்ந்தார். சின்னாளில் அது மூடப்பட்டது. அதன்பின் ஏழைகளுக்கான தருமப் பள்ளியில், சமயபாடமும், எழுத்தும், கணக்கும் ஒருவாறு கற்றார். தந்தையார் பணத்தின்பொருட்டு மற்றொருவனுக்குப் பதிலாகப் படையிற் சேர்ந்து, உடல் நலிந்து திரும்பி, 1816ஆம் ஆண்டில் இறந்தார். அப்போது ஆண்டர்சனுக்கு வயது பதினொன்று. தாயார் கூலிவேலையில் மூழ்கியிருக்க, மகன் அயலார் வீட்டு நூல்களை இரவல் வாங்கிப் படிப்பதிலும், நாடகங்கள் கட்டுவதிலும், இனிய குரலிற் பாடுவதிலும் காலம் போக்கினார். அந்நாளில் ஒரு சொல்லையேனும் செவ்வையாக எழுத்துக்கூட்டத் தமக்குத் தெரியாது என்பதைப் பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் ஒளியாமற் கூறியுள்ளார்.

தலைநகரில் மூன்று ஆண்டுகள்

1819ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பதினான்கு வயதினராகிய ஆண்டர்சன், தாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையிற் கொண்டு, துணையொருவருமின்றித் தலைநகரமாகிய கோபன்ஹேகனை அடைந்தார். அரசாங்க நாடக அரங்கில் நடிகராதல் வேண்டும் என்பதே அவர் அவா. நெடிய உருவமும், ஒல்லியான கை கால்களும், பொருந்தாத உடையும் கொண்ட அவரைக் கண்டோர் நகைத்தனர், சிலர் இரங்கினர். இத்தாலிய இசைவாணராகிய சிபோனி என்பார் அவர் குரலின் இனிமையைக் கேட்டுப் பாட்டுப் பயிற்றத் தொடங்கினார். ஆனால் பருவ மாற்றத்தால் குரல் உடைந்தது. பாட்டுக்கு அவர் உதவார் என்று முடிவாயிற்று. நடனப் பள்ளியிற் சிறிது காலம் பயின்றார், அதுவும் நிலைக்கவில்லை. பாடவும் ஆடவும் ஆகாதெனின் எழுதவேனும் ஆகாதா என்று எண்ணி, நாடகங்கள் எழுதி அரங்கத் தலைவர்களுக்கு அனுப்பினார்.

அவர் அனுப்பிய ஒரு நாடகம், எழுதியவருக்குத் தொடக்கக் கல்வியே இல்லை என்னும் குறிப்போடு திரும்பி வந்தது. எனினும் அவர் மனந்தளராமல் மற்றொன்று எழுதியனுப்பினார். அதுவும் நடித்தற்கு ஏற்றதன்று எனத் தள்ளப்பட்டது. ஆயினும், பிழைகள் மலிந்த அந்தத் தாள்களினூடே ஏதோ ஓர் ஒளி தோன்றுவதை அரங்கத் தலைவர் சிலர் கண்டனர். அவருள் ஒருவர் யோனாஸ் காலின் என்பவர். அரசாங்க அலுவலிற் பெருமை வாய்ந்தவர். அவர் முயற்சியால், இவ்விளைஞரைப் பள்ளிக்கு அனுப்பிக் கற்பிப்பதற்கான பொருளை மன்னர் ஆறாம் பிரெடெரிக் தம் நிதியிலிருந்து அளிக்க இசைந்தார். பிழையைக் கண்டு தாளைத் திருப்பியனுப்புதல் எளிது. பிழையைக் கண்டும் எழுதியவரைக் கைவிடாமை அரிது. காலின் அரியதைச் செய்தார்.

பள்ளியிற் பட்ட பாடு

1822ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஆண்டர்சன் ஸ்லாகெல்சே என்னும் சிற்றூரிலிருந்த இலத்தீன் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினேழு. வளர்ந்து நெடியவராய் நின்ற அவர், பதினொன்றும் பன்னிரண்டும் வயதுள்ள சிறுவரோடு தாழ்ந்த வகுப்பில் ஒரே பலகையில் அமர வேண்டியவரானார். பூகோளம், கணிதம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய எதிலும் அவருக்கு அடிப்படையில்லை. இளமையிற் படிப்படியாக ஏறியிருக்க வேண்டிய ஏணியின் கீழ்ப்படிகள் அவருக்கு இல்லாமற் போயின; நடுப்படியிலிருந்து ஏறுமாறு அவர் பணிக்கப்பட்டார். இரவு நெடுநேரம் படிப்பார். உறக்கம் வந்து மேலிடும்போது தண்ணீரில் தலையைக் கழுவிக்கொள்வார். அல்லது தனித்த சிறு தோட்டத்தில் ஓடித் திரிந்து உறக்கத்தை ஓட்டுவார். இத்தகையவரைச் சோம்பர் என்று யாரே கூறவல்லார்?

அப்பள்ளியின் தலைமையாசிரியர் சீமோன் மெய்ஸ்லிங் என்பவர். அவர் கல்வியிற் குறைந்தவரல்லர். பழைய கிரேக்க இலத்தீன் நூல்களை டேனிய மொழியிற் பெயர்த்த புலவர். ஆனால், மாணவனை நாணச் செய்தலே அவனை உழைக்கச் செய்யும் வழி என்பது அவர் கொள்கை. வகுப்பிலுள்ள சிறுவர் அனைவரும் கேட்க ஆண்டர்சனை எள்ளி நகைப்பார், அறிவில்லாதவர் என்பார். அவர் வாயில் தோன்றும் சினத்தின் குறியைக் கண்டவுடனே தாம் அறிந்த விடையும் நெஞ்சைவிட்டு ஓடிவிடுவதாக உணர்ந்தார் மாணவர். விடை தவறவே ஏளனம் மிகுந்தது; ஏளனம் மிகவே மேலும் விடை தவறிற்று. இச்சுழலில் அகப்பட்டவர் அக்காலத்தில் எழுதிய நாட்குறிப்புகள் தேர்வைப் பற்றிய அச்சத்தாலும் தம்மைப் பற்றிய ஐயத்தாலும் நிறைந்திருக்கின்றன.

1826ஆம் ஆண்டில் மெய்ஸ்லிங் எல்சினோர் நகரப் பள்ளிக்கு மாறிச் சென்றார். ஆண்டர்சனும் அவர் வீட்டிலேயே தங்கும் மாணவராக உடன் சென்றார். அங்கு அவர் துன்பம் இருமடங்காயிற்று. உணவிலும், குளிர்காயும் நெருப்பிலும் குறை. பழிச்சொல்லில் மட்டும் குறைவில்லை. பாட்டெழுதுதல் அவருக்கு விலக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வாண்டில், இறக்குந் தறுவாயிலுள்ள ஒரு குழந்தை தன் தாயை நோக்கிப் பேசுவதாக ஒரு சிறு பாட்டை அவர் எழுதினார். அதனைக் கண்ட தலைமையாசிரியர் வெறும் அழுகைப் பிதற்றல் என்று இகழ்ந்தார். அப்பாட்டே அடுத்த ஆண்டு கோபன்ஹேகன் பத்திரிகையொன்றில் வெளியாகிப் பலர் மனத்தை உருக்கிற்று.

இங்கே நாம் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. நேரில் இவ்வாறு இழித்துரைத்த அதே மெய்ஸ்லிங், அதே 1826ஆம் ஆண்டில் காலினுக்கு அனுப்பிய அறிக்கையில், ஆண்டர்சனுடைய கற்பனைத் திறனையும் விடாமுயற்சியையும் பாராட்டியே எழுதினார். அப்பாராட்டு மாணவர் செவிக்கு எட்டவில்லை. மாணவனுடைய நன்மையை எண்ணியே கடிந்துரைப்பதாகக் கூறும் ஆசிரியரின் மனத்தில் அன்பு இருக்கலாம். ஆனால் மனத்தில் மறைந்து கிடக்கும் அன்பு, பசித்தவன் காணாதபடி அடுக்களையிற் பூட்டிவைத்த சோறு போன்றதே.

விடுதலையும் தேர்வும்

1827ஆம் ஆண்டின் வேனிற் பருவத்தில், ஆண்டர்சன் படும் துன்பத்தை நேரிற் கண்ட இளம் ஆசிரியர் ஒருவர் காலினிடம் சென்று உண்மையை உரைத்தார். காலின் உடனே அவரைப் பள்ளியினின்று விலக்கித் தலைநகருக்கு வரவழைத்தார். விடைபெறச் சென்ற மாணவரை மெய்ஸ்லிங் வாழ்த்தி அனுப்பவில்லை. அவர் ஒருகாலும் கல்லூரித் தேர்வில் தேறார் என்றும், அவர் பாட்டுக்கள் விற்பனையாகாமற் புத்தகக் கடையின் மூலையில் மட்கும் என்றும், அவர் முடிவு பித்தர் விடுதியில் என்றும் சபித்ததாக ஆண்டர்சன் எழுதியிருக்கிறார்.

தலைநகரில் அவருக்கு வேறு வகையான ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். லுட்விக் கிறிஸ்தியன் மூல்லர் என்னும் அவ்விளைஞர், இலத்தீனும் கிரேக்கமும் தனியே கற்பித்தார். மாணவர் ஒருவரே, ஆசிரியரும் ஒருவரே, நகைப்பதற்குச் சுற்றிலும் சிறுவர் இல்லை. நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து சென்று பாடங் கேட்டு மீண்ட ஆண்டர்சன், 1828ஆம் ஆண்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். ஐந்தாண்டுக் கடுமையால் விளையாத பயன் ஓராண்டுப் பொறுமையால் விளைந்தது என்று கூறுதல் மிகையாகலாம். ஐந்தாண்டுகளிற் கற்றவையும் உள்ளே சேர்ந்திருந்தன அன்றோ? ஆயினும், அச்சம் நீங்கிய பின்னரே அவை வெளிப்பட்டன என்பதில் ஐயமில்லை.

1829ஆம் ஆண்டு அவருடைய நடைப்பயண நூல் ஒன்று வெளிவந்து விரைவில் விற்றுப்போயிற்று. அவ்வாண்டிலேயே அவர் எழுதிய நாடகமொன்று, முன்பு அவரைத் தள்ளிய அதே அரசாங்க அரங்கில் நடிக்கப்பட்டது. 1833ஆம் ஆண்டில் அரசாங்க உதவி பெற்று அயல்நாடுகளுக்குச் சென்று உரோமாபுரியில் தங்கினார். தாயார் இறந்த செய்தி அங்கேயே அவரை வந்தடைந்தது. இத்தாலி நாட்டைக் களமாகக் கொண்டு அவர் இயற்றிய நாவல் 1835ஆம் ஆண்டில் வெளியாகி, அவர் பெயரை ஐரோப்பாவெங்கும் பரப்பிற்று.

கதைகள் பிறந்த வகை

அந்த 1835ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, குழந்தைகளுக்குக் கூறிய கதைகள் என்னும் பெயரால் நான்கு கதைகள் அடங்கிய ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. அக்காலத்து எழுத்து வழக்கிற்கு அது முற்றும் புதிது. கதைசொல்லி குழந்தையை எதிரில் இருத்திக்கொண்டு வாயாற் சொல்வது போலவே அவர் எழுதினார். நீண்டு பின்னிய தொடர்களை விட்டார். பேச்சில் வழங்கும் ஒலிக்குறிப்புகளையும், வியப்புச் சொற்களையும், திடீரென நின்று திரும்பும் நடையையும் அப்படியே தாளில் வைத்தார். திறனாய்வோர் சிலர் இதனைக் கண்டு முகஞ்சுளித்தனர். எழுத்து எழுத்தாக இல்லாமற் பேச்சாக இருக்கிறது என்றும், குழந்தைகளுக்கு இவற்றால் நல்லொழுக்கம் விளையாது என்றும், இவ்வகைக் கதைகளில் அவர் காலத்தைக் கழிக்கலாகாது என்றும் அறிவுரை கூறினர். மின்னாற்றலுக்கும் காந்த ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை 1820ஆம் ஆண்டிற் கண்டறிந்த பேரறிஞர் ஊர்ஸ்டெட் ஒருவரே, நாவலால் வரும் புகழினும் இக்கதைகளால் வரும் புகழே அழியாது நிற்கும் என்று முன்னறிந்து கூறினார்.

அவர் கூறியதே பலித்தது. 1837ஆம் ஆண்டில் கடற்கன்னியின் கதையும் அரசனின் புத்தாடைக் கதையும் வெளிவந்தன. 1843ஆம் ஆண்டில் வாத்துக்குஞ்சின் கதையும் குயிலினும் இனிய நைட்டிங்கேல் பறவையின் கதையும் தோன்றின. வாழ்நாளில் 150க்கு மேற்பட்ட கதைகளை அவர் எழுதினார். பிழையின்றி எழுதுமாறு வற்புறுத்தப்பட்ட பள்ளியில் அவர் பெற்றவற்றைக் காட்டிலும், நூல் நூற்ற கிழவியரிடமும், தந்தையார் உரக்கப் படித்த விளக்கொளியிலும் செவிவழிப் பெற்றவையே இக்கதைகளுக்கு உயிராயின. அவற்றை அவர் அவைகளிலே தாமே உரக்கப் படிப்பார். கோபன்ஹேகன் தொழிலாளர் சங்கத்தாரும் கூடியிருந்து கேட்பர். பேசிக்கொண்டே கத்தரிக்கோலால் தாளை வெட்டி, அன்னமும் அரண்மனையும் ஆடும் மகளிருமாக விரித்துக் காட்டும் கைத்திறனும் அவருக்கு உண்டு. அத்தாளுருவங்கள் பல இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன.

எழுத்துப் பிழை மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. காலினுடைய மகனாராகிய எட்வர்ட் காலின் கையெழுத்துப் படிகளைத் திருத்துதல், நூல்களை வெளியிடுதல், வரவு செலவு பார்த்தல் ஆகியவற்றில் நெடுங்காலம் துணைநின்றார். கதை ஆண்டர்சனுடையது; எழுத்துத் திருத்தம் நண்பருடையது. இதனால் கதையின் பெருமை ஒரு சிறிதும் குறையவில்லை. கண் மங்கியவர் கண்ணாடி அணிந்து படித்தால், படித்தது கண்ணாடியே என்று யாரும் கூறார் அன்றோ?

பிழையின் காரணம்

இனி, இப்பெரியாருடைய குறைக்குக் காரணம் யாது என்னும் வினா எழுகின்றது. அண்மைக் காலத்தில் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பிடர்ப்பாட்டைப் பற்றி எழுதுவோர் பலர், அவ்விடர்ப்பாடு உடைய புகழ் பெற்றோர் வரிசையில் ஆண்டர்சனையும் வைத்து எண்ணுகின்றனர். எனவே அவ்விடர்ப்பாடு இன்னதென்பதைச் சுருங்கக் கூறுவோம்.

பேசுதல் மனிதனுக்கு இயற்கை, படித்தல் செயற்கை. குழந்தை சூழ்ந்திருப்போர் பேச்சைக் கேட்டுத் தானே பேசக் கற்கின்றது. படிக்கவோ பிறர் கற்பித்தல் வேண்டும். வாயினால் ஒலிக்கும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் ஒரு வரிவடிவத்தோடு பொருத்தும் அரிய வேலையை மூளை செய்யவேண்டியிருக்கிறது. பெரும்பாலோர்க்குச் சில ஆண்டுகளில் இது கைவந்துவிடுகின்றது. சிலருக்கோ, கண்ணும் செவியும் நன்றாயிருந்தும், அறிவு குறைவின்றியிருந்தும், கற்பிப்போர் இருந்தும், இப்பொருத்தம் எளிதில் வாய்ப்பதில்லை. அவர்கள் படிப்பது மெதுவாகின்றது. நேற்று எழுதிய சொல் இன்று வேறுவிதமாக எழுதப்படுகின்றது. இது பெரும்பாலும் குடும்பவழி வருவது. வயது வந்தபின்னும் ஓரளவு தொடர்வது. சோம்பலாலும் மந்தபுத்தியாலும் வருவதன்று.

இக்குறையை மருத்துவர் முதன்முதல் வேறுபிரித்துப் பெயரிட்டது ஆண்டர்சன் மறைந்த பின்னரேயாகும். 1877ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் சொற்குருடு என்னும் பெயரை வழங்கினார். 1887ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் டிஸ்லெக்சியா என்னும் பெயரைப் படைத்தார். அவ்விருவரும் கண்டவர்கள் மூளை நோயால் படிக்குந்திறன் இழந்த முதியோர். 1896ஆம் ஆண்டில் பிரிங்கில் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவன் நல்ல அறிவுடையவன், கணக்கில் வல்லவன், ஆண்டுக்கணக்காகக் கற்பித்தும் சிறு சொற்களையன்றிப் பிறவற்றைப் படிக்க இயலாதவன். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாவான் என்பது அவனுடைய ஆசிரியர் கருத்து. அச்சிறுவனுக்கு நேர்ந்த நற்பேறு, அக்கருத்தை உடைய ஆசிரியர் வாய்த்ததே.

ஆண்டர்சனுக்கும் இதே இடர்ப்பாடு இருந்ததா எனின், இருந்தது என்று துணிந்து கூற நமக்கு ஆதாரமில்லை. 2000ஆம் ஆண்டில் டேனிய ஆராய்ச்சியாளர் சிலர் அவருடைய எழுத்துப் பிழைகளையும் தொடரமைப்பையும் நுணுகி ஆராய்ந்து, அவ்விடர்ப்பாடு அவருக்கு இருந்ததென்னும் கூற்று நிலைபெறாது என்றே முடிவு கட்டினர். இளமையில் அவர் இரவல் நூல்களை விரும்பிப் படித்தார் என்பதும் நினைக்கத்தக்கது. டேனிய மொழியிற் பேச்சொலிக்கும் எழுத்துக்கும் இடைவெளி பெரிது. பதினேழு வயது வரையில் ஒழுங்கான கல்வி பெறாதவர் அவ்விடைவெளியை முற்றும் தாண்டாமையில் வியப்பில்லை. பெரியார் ஒருவரை நம் கட்சிக்குச் சான்றாக்கும் விருப்பத்தால் உண்மையை வளைத்தல் தகாது.

அங்ஙனமாயின் அவர் வரலாறு ஈண்டு எதற்கு என்று கேட்கலாம். அதற்காகவே, அதாவது காரணம் எளிதிற் புலப்படாமையைக் காட்டுதற்காகவே, அவர் வரலாறு நமக்கு வேண்டுவதாயிற்று. பிழை என்பது ஒரு குறி. அதுவே காரணம் அன்று. காய்ச்சல் ஒன்றே, அதனை விளைக்கும் நோய்கள் பல. வறுமையாற் பள்ளியிழந்தவன் செய்யும் பிழையும், பிறவியிடர்ப்பாட்டால் ஒருவன் செய்யும் பிழையும், செவிப்புலன் குறைந்தவன் செய்யும் பிழையும், உண்மையிலேயே கருத்தின்றி இருப்பவன் செய்யும் பிழையும் தாளிற் பார்க்குங்கால் ஒன்றுபோலவே தோன்றும். மெய்ஸ்லிங் கடைசிக் காரணம் ஒன்றையே அறிந்திருந்தார். ஆதலின் ஒரே மருந்தையே கொடுத்தார். அம்மருந்து முதல் மூன்றில் எதற்கும் ஏற்றதன்று. பள்ளியிழந்தவனுக்கு வேண்டுவது விடுபட்ட பாடம். வாசிப்பிடர்ப்பாடு உடையவனுக்கு வேண்டுவது, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, திரும்பத் திரும்ப, பொறுமையோடு இணைத்துக் காட்டும் தனிப்பயிற்சியும், தேர்வில் சிறிது மிகுதியான நேரமும் ஆகும். நாணச்செய்தல் இருவருக்கும் உதவாது.

இது தொலைநாட்டுச் செய்தி என்று நாம் விட்டுவிடுதற்கில்லை. நம் தமிழிலும் வாயால் ஒலிப்பதொன்று, கையால் எழுதுவது மற்றொன்றாகப் பல இடங்களில் அமைந்திருக்கிறது. ககரத்திற்குப் பின் ஒலிக்கும் எகரத்தின் குறியைக் ககரத்திற்கு முன் எழுதுகிறோம். ஒகரத்தின் குறியையோ இருபுறமும் பிரித்து எழுதுகிறோம். லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் பேச்சில் மயங்குவன. கைப்பழக்கத்தால் நாம் மறந்துவிட்ட இவ்வருமை, முதன்முதற் கற்கும் பிள்ளைக்கு நாள்தோறும் எதிர்ப்படுவது. 2016ஆம் ஆண்டின் இந்திய ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. சட்டம் வழி வகுத்துவிட்டது. வகுப்பறையில் அவ்வழியே நடக்க வேண்டுவோர் ஆசிரியர். இக்கல்லூரியிற் பயிலும் நம்முட் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர்கள். சிவப்பு மையை நம் கையில் எடுக்குமுன், இப்பிழை எங்கிருந்து வந்தது என்று ஒருகணம் கேட்டுக்கொள்ளுதல் நம் கடமையாகும்.

இறுதி நாட்கள்

ஆண்டர்சனுக்குப் பிற்காலத்திற் சிறப்புகள் வந்து குவிந்தன. 1838ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் ஆண்டுதோறும் உதவிப்பொருள் அளித்தது. மன்னர்களும் புலவர்களும் அவரை விருந்தினராக ஏற்றனர். 1867ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், அவர் பிறந்த ஓடென்ஸ் நகரம் அவரை நகரத்தின் பெருமைக் குடியாக ஏற்றுக்கொண்டு, அன்றிரவு முழுவதும் விளக்கேற்றிக் கொண்டாடிற்று. சலவைத் தொழிலாளியின் மகனார் நகரமண்டபச் சாளரத்தில் நின்று அவ்வொளியைக் கண்டார். அந்நேரத்திற் கடுமையான பல்வலியும் அவரை வருத்திற்றாம். மனித வாழ்வில் கலப்பற்ற இன்பம் ஏது?

மெய்ஸ்லிங்கும் ஒருநாள் கோபன்ஹேகனில் அவரை எதிர்ப்பட்டார். நாவலாற் புகழ் வந்த பிற்பாடு நேர்ந்த அச்சந்திப்பில், பழைய ஆசிரியர் கைநீட்டி, தாம் அவரைத் தவறாக மதிப்பிட்டு முறையின்றி நடத்தியதை ஒப்புக்கொண்டார். ஆசிரியருடைய உள்ளம் அன்றோடு ஆறியிருக்கலாம். மாணவருடைய உள்ளமோ ஆறவில்லை. உலகமெல்லாம் போற்றிய முதுமையிலும், ஆண்டர்சன் கனவில் மீண்டும் பள்ளி மாணவராகி, மெய்ஸ்லிங்கின் முன்னே விடை தெரியாமல் நடுங்கி நின்று, விழித்தெழுந்து அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நாற்பது ஆண்டுப் புகழும் ஐந்தாண்டு இகழ்ச்சியை அழிக்க வல்லதாகவில்லை.

1875ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், கோபன்ஹேகனுக்கு அணித்தே, நண்பர் குடும்பத்தார் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் பிறந்த நாளாகிய ஏப்ரல் 2ஆம் நாளை, 1967ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் குழந்தைநூல் நாளாகக் கொண்டாடி வருகின்றனர்.

இவ்வரலாற்றை முடிக்குமுன் ஒன்று கூறுதல் வேண்டும். எழுத்துப் பிழை செய்வோர் அனைவரும் ஆண்டர்சன் ஆகிவிடுவர் என்று நாம் கூறவில்லை. ஆகமாட்டார்கள், பிழையற எழுதுவோரும் அங்ஙனமே ஆகமாட்டார்கள். வாத்துக்குஞ்சு அன்னமாக மாறியதால்தான் அதனைக் கொத்தியது தவறு என்று எண்ணுவோமாயின், அக்கதையின் பாதியையே நாம் படித்தவராவோம். அது வாத்தாகவே வளர்ந்திருந்தாலும் அதனைக் கொத்தியது தவறேயாம். புகழ் பெறப்போகும் மாணவன் யாவன் என்பதை எந்த ஆசிரியரும் முன்னறிய இயலாது. அறிய வேண்டுவதும் இல்லை. பின்பலகையில் அமர்ந்து, ஒரு வரியைப் படிக்கத் தடுமாறி வியர்க்கும் எந்தப் பிள்ளைக்கும், அவன் நாளை யாராயினும், இன்று வேண்டுவது ஒரு காலினும் ஒரு மூல்லருமே.